எக்ஸ்ஆர்டியில் முழுக்கக் கருப்பு, எக்ஸ்பிஎஸ்ஸில் பாதி சிவப்பு: என் காப்பர் ஆக்சைடு எது?

கரும்பொடி | செவ்வாய், இரவு 10.40

வணக்கம். பிஎச்டி இரண்டாம் வருஷம். கார்பன் மோனாக்சைடை ஆக்சிஜனோடு சேர்த்து கார்பன் டை ஆக்சைடாக்கும் வினைக்குக் காப்பர் ஆக்சைடு பொடி செய்கிறேன். செய்முறை பழசுதான். காப்பர் நைட்ரேட் கரைசலில் சோடியம் ஹைட்ராக்சைடைச் சொட்டுச் சொட்டாக விட்டால் நீலக் கஞ்சி மாதிரி வரும். 80 டிகிரிக்குச் சூடேற்றினால் பீக்கரின் அடியிலிருந்து கருக்கத் தொடங்கி, இரண்டு மூன்று நிமிஷத்தில் மொத்தமும் கருப்பாகிவிடும். கழுவி, உலர்த்தி, 400 டிகிரியில் நான்கு மணி நேரம் சுட்டேன்.

எக்ஸ்ஆர்டி (எக்ஸ்-கதிர் சிதறலை வைத்துப் பொடியின் படிக அமைப்பைப் பார்ப்பது) சுத்தம். கருப்பு ஆக்சைடின் (CuO, அதில் இருப்பது +2 காப்பர்) 35.5, 38.7 டிகிரி பீக் இரண்டும் கம்பீரமாக நிற்கின்றன. சிவப்பு ஆக்சைடின் (Cu2O, அதில் இருப்பது +1 காப்பர்) 36.4 பக்கம் தனியாக ஒன்றுமில்லை. வினையில் ஓட்டி எடுத்த பொடியும் அப்படியேதான்.

எக்ஸ்பிஎஸ் (எக்ஸ்-கதிர் பட்டு மேற்பரப்பிலிருந்து வெளிவரும் எலக்ட்ரான்களின் ஆற்றலை அளப்பது) வெளியில் கொடுத்து எடுத்தது, வினைக்குப் பிந்தைய பொடியில். காப்பரின் 2பி கூட்டு எலக்ட்ரானில் பெரிய பீக் 932.5 இவி (எலக்ட்ரான் வோல்ட்). 933.7-இல் ஒரு தோள். 940 முதல் 945 வரை வரவேண்டிய சாட்டிலைட் (பக்கப் பீக்) இருக்கிறது, ஆனால் சோனி. பீக்கைப் பிரித்துப் பார்த்தால் பாதிக்கு மேல் +1 காப்பர். "இரண்டு ஆக்சைடும் கைகோத்து வேலை செய்கின்றன என்று எழுதிவிடு" என்றார் கைடு. எழுதினேன். இப்போது ரிவ்யூவர் கேட்கிறார்: 932.5 என்பது +1 தான், உலோகக் காப்பர் இல்லை என்று எப்படித் தெரியும்? அது வினையின்போதுதான் உண்டானது என்பதற்கு என்ன ஆதாரம்?

இரண்டுக்கும் என்னிடம் பதில் இல்லை. இன்னொரு விஷயம். இரண்டாம் முறை ஓட்டும்போது, முதல் முறையைவிட 15 டிகிரி குறைந்த வெப்பத்திலேயே கார்பன் மோனாக்சைடில் பாதி மாறிவிடுகிறது. அது +1-இன் வேலைதான் என்று நம்பிக்கொண்டிருந்தேன்.

---

நிறமாலைக்காரன் | செவ்வாய், இரவு 11.55

தம்பி, ரிவ்யூவர் நல்லவர். கோபப்படாதீர்கள்.

2பி பீக்கை மட்டும் வைத்துக்கொண்டு சிவப்பா உலோகமா என்று யாராலும் சொல்ல முடியாது. சிவப்பு 932.4, உலோகம் 932.6. நடுவே 0.2 இவி. மாதிரியில் தேங்கும் மின்னேற்றத்தைத் திருத்த (சார்ஜ் திருத்தம்) கார்பன் பீக்கை 284.8-இல் கொண்டுபோய் நிறுத்தும்போதே அந்த அளவுக்குப் பிசகும். கருப்பை மட்டும்தான் 2பி-யில் அடையாளம் காணலாம். அதற்குக் காரணம் சாட்டிலைட். +2 காப்பரில் டி-கூட்டில் ஒன்பது எலக்ட்ரான்தான், ஓர் இடம் காலி. அதனால் அந்தப் பக்கப் பீக் வருகிறது. +1-இலும் உலோகத்திலும் டி-கூடு நிறைந்துவிட்டது. ஆகவே அங்கே கருப்பில் இருப்பதுபோன்ற பலமான சாட்டிலைட் கிடையாது.

சிவப்பையும் உலோகத்தையும் பிரிக்க ஆகர் பீக் வேண்டும். எக்ஸ்-கதிர் உள்கூட்டில் உண்டாக்கிய காலியிடத்தை இன்னொரு எலக்ட்ரான் நிரப்பும்போது, அந்த ஆற்றலில் வெளியே தள்ளப்படும் எலக்ட்ரானின் பீக் அது. (பிரெஞ்சுக்காரர் பெயர், ஓஷே என்று சொல்ல வேண்டுமாம். எங்கள் லேபில் எல்லாருக்கும் ஆகர்தான்.) இயக்க ஆற்றல் கணக்கில் உலோகம் 918.6, கருப்பு 917.7, சிவப்பு 916.8. இங்கே உலோகத்துக்கும் சிவப்புக்கும் கிட்டத்தட்ட 2 இவி இடைவெளி. கண்ணாலேயே தெரியும். இந்த ஆகர் எண்ணோடு 2பி பிணைப்பு ஆற்றலைக் கூட்டினால் உலோகத்துக்கு 1851.2, சிவப்புக்கு 1849.2, கருப்புக்கு 1851.3 வாக்கில் வரும். கூட்டிவிட்டால் சார்ஜ் திருத்தத்தின் தப்பு தானாகக் கழிந்துபோகும். ஒன்று எவ்வளவு ஏறுகிறதோ மற்றது அவ்வளவு இறங்கும். அதுதான் அந்தக் கூட்டலின் அழகு.

உலோகத்துக்கும் கருப்புக்கும் கூட்டுத்தொகை ஒன்றாகிவிட்டதே என்று கேட்பீர்கள். அவற்றைப் பிரிக்கத்தான் சாட்டிலைட் இருக்கிறது. இரண்டையும் சேர்த்தே பார்க்க வேண்டும்.

ஆகர் எடுக்கவில்லை என்றால் பயப்படாதீர்கள். அலுமினியம் எக்ஸ்-கதிர் என்றால் உங்கள் சர்வே ஸ்கேனில் (எல்லா ஆற்றலையும் ஒரே வீச்சில் பார்க்கும் ஸ்கேன்) 568 முதல் 570 வரை பாருங்கள், அது அங்கேயே உட்கார்ந்திருக்கும். துல்லியம் போதாது, ஆனால் முதல் துப்பு கிடைக்கும்.

அப்புறம் மூன்று கேள்வி. காப்பரை எத்தனையாவதாக ஸ்கேன் செய்தார்கள்? மொத்தம் எவ்வளவு நேரம்? ஆர்கான் அயனியால் மேற்பரப்பைச் சுரண்டினார்களா?

---

கெமிஸ்ட்ரி_டீச்சர் | புதன், காலை 6.20

நடுவில் நுழைவதற்கு மன்னிக்கவும். நான் பள்ளி ஆசிரியை, இதெல்லாம் பாதிதான் புரிகிறது. ஒரு சின்ன சந்தேகம். பாடப்புத்தகத்தில் காப்பரைக் காற்றில் சூடாக்கினால் கருப்பு ஆக்சைடு என்று ஒரு வரிதான் இருக்கிறது. சிவப்பு எங்கிருந்து வந்தது? எங்கள் வீட்டுச் செப்புக்குடம் பச்சையாகத்தான் போகிறது, கருப்பாகவே ஆனதில்லை.

---

சி_ஷிப்ட் | புதன், காலை 8.05

டீச்சர், நல்ல கேள்வி. நான் உரத் தொழிற்சாலையில் முப்பது வருஷம் அம்மோனியா பகுதியில் இருந்தவன். கட்டுரை எழுதியதில்லை, காப்பர் கேட்டலிஸ்டோடு குடும்பம் நடத்தியிருக்கிறேன்.

ஒரு துண்டு மின்சார ஒயரை உரித்து, உள்ளே இருக்கும் தடித்த செம்புக் கம்பியை கேஸ் அடுப்பின் நீலச் சுடரில் பிடியுங்கள். முதலில் பளபளப்பு மங்கும். அப்புறம் ஊதாவும் பொன்னிறமும் கலந்து ஓடும். அது மெல்லிய ஆக்சைடுப் படலத்தில் ஒளி செய்யும் வேலை. பிறகு கருக்கும். நன்றாகக் கருத்ததும் எடுத்து ஆறவிட்டு, ஒரு தட்டின் மேல் வளையுங்கள். கருப்பு, செதில் செதிலாக உதிரும். ஒரு செதிலைத் திருப்பிப் போட்டு அடிப்பக்கத்தைப் பாருங்கள். செங்கல் பொடி நிறம் தெரியும். அதுதான் சிவப்பு ஆக்சைடு. வெளியே காற்றைப் பார்த்த பக்கம் கருப்பு, உள்ளே உலோகத்தைப் பார்த்த பக்கம் சிவப்பு.

இதில் வேடிக்கை, படலம் வளர்வது ஆக்சிஜன் உள்ளே புகுந்து அல்ல. பெரும்பாலும் காப்பர் அயனிதான் உள்ளிருந்து கிளம்பி, சிவப்பு ஆக்சைடில் இருக்கும் காலியிடங்கள் வழியாக ஒவ்வொன்றாக நகர்ந்து வெளியே வருகிறது. படலம் தடிக்கத் தடிக்க அது நடக்கவேண்டிய தூரம் கூடும், வேகம் குறையும். இந்தக் கணக்கை 1933-இல் கார்ல் வாக்னர் போட்டார். காப்பர் நானோ துகளை மெதுவாக ஆக்சிஜனேற்றினால் உள்ளே பொந்து விழுந்து ஓடு மாதிரி ஆவதும் இதனால்தான். உள்ளே இருந்தவன் வெளியே போய்விட்டான், அந்த இடத்துக்கு யாரும் வரவில்லை.

குடம் பச்சையாவது வேறு கதை. அறை வெப்பத்தில் முதலில் சில நானோமீட்டருக்குச் சிவப்புப் படலம்தான் வரும், அதுதான் புதுக்குடம் நாளடைவில் பழுப்பாவது. அதன்மேல் ஈரமும் கார்பன் டை ஆக்சைடும் சேர்ந்தால் பச்சைக் களிம்பு. கடலோரம் என்றால் குளோரைடும் சேரும். புளி போட்டுத் தேய்த்தால் அமிலத்தில் இந்த ஆக்சைடும் களிம்பும் கரைந்து போகின்றன, செம்பு பளிச்சென்று வருகிறது. மறுவாரம் திரும்பவும் மங்கும்.

---

மின்முனை | புதன், காலை 9.30

சி ஷிப்ட் ஐயா களிம்பு என்றதும் சிரிப்பு வந்தது. சைவ சித்தாந்தத்தில் ஆணவ மலத்துக்குச் செம்பின் களிம்பைத்தான் உவமை சொல்வார்கள். என்றைக்கோ வந்து ஒட்டியதல்ல, செம்பு இருந்த அன்றே அதுவும் இருந்தது என்பார்கள். எங்கள் துறையில் கடந்த பத்து வருஷத்துக்கு மேலாக நடக்கும் சண்டையும் ஏறக்குறைய இதேதான்: களிம்பு போனதா, போகவில்லையா?

நான் மின்வேதியியல். கார்பன் டை ஆக்சைடை மின்சாரத்தால் எரிபொருளாக மாற்றும் வேலை. காப்பர் ஒன்றுதான் இதில் மீத்தேன், எத்திலீன் அளவுக்குக் கணிசமாகக் கொண்டுபோகும் உலோகம். 1985-இல் யோஷியோ ஹோரி குழு காட்டியது. 2012-இல் கிறிஸ்டினா லீயும் மேத்யூ கானனும் காப்பர் தகட்டைக் காற்றில் 500 டிகிரியில் சுட்டுத் தடித்த ஆக்சைடாக்கி, அதையே கலத்தில் திரும்ப ஒடுக்கினார்கள், அதாவது ஆக்சிஜனை நீக்கி உலோகமாக்கினார்கள். சாதாரணத் தகட்டைவிடக் குறைந்த மின்னழுத்தத்திலேயே அது வேலை செய்தது. அன்றிலிருந்து கேள்வி: ஒடுக்கிய பிறகும் உள்ளே ஒளிந்திருக்கும் ஆக்சைடுதான் காரணமா, அல்லது கரடுமுரடான உலோகமும் அதன் துகள் எல்லைகளுமா?

வெளியே எடுத்து எக்ஸ்பிஎஸ்ஸில் வைத்தால் +1 தெரியும். உடனே "+1 தான் செயல்மையம்" என்று கட்டுரை. ஆனால் 2018-இல் யான்வெய் லும், ஜோயல் ஏஜர் இருவரும் ஒரு காரியம் செய்தார்கள். ஆக்சிஜன்-18 (ஆக்சிஜனின் கனமான ஐசோடோப்பு) போட்டு ஆக்சைடைச் செய்து, வினைக்குப் பிறகு எவ்வளவு 18 மிஞ்சியிருக்கிறது என்று எண்ணினார்கள். தொடக்கத்தில் இருந்ததில் 1 சதவீதத்துக்கும் கீழ். மின்னழுத்தத்தை விட்டதும் மேற்பரப்பு வெகு வேகமாக மறுபடி ஆக்சிஜனேறிவிடுகிறது என்பதையும் சேர்த்தே காட்டினார்கள். அதாவது, கலத்திலிருந்து எடுத்துக் கருவிக்குக் கொண்டுபோகும் வழியில் பிறந்த ஆக்சைடை, வேலை செய்த ஆக்சைடு என்று எண்ணியிருக்க வாய்ப்பு அதிகம்.

கரும்பொடி தம்பி, உங்களுடையது வாயு வினை, ஆனாலும் கேள்வி ஒன்றே. உங்கள் பொடி உலையிலிருந்து எக்ஸ்பிஎஸ் அறைக்குப் போன வழியில் என்ன என்ன பார்த்தது?

---

சும்மா_படிப்பவன் | புதன், மதியம் 1.15

அக்கா ஒரு பக்கத்தை மட்டும் சொல்கிறீர்கள். 2016-இல் ரோல்டான் குவென்யா குழு பிளாஸ்மாவால் ஆக்சிஜனேற்றிய காப்பரில், வினை நடந்துகொண்டிருக்கும்போதே எக்ஸ்-கதிர் உறிஞ்சல் எடுத்து, +1 தாக்குப்பிடிக்கிறது என்று சொன்னது. வெளியே எடுத்தே பார்க்கவில்லை. அதற்கு என்ன சொல்வீர்கள்?

---

மின்முனை | புதன், மதியம் 2.40

சரியான ஆட்சேபம். அந்தக் கட்டுரையை நான் குப்பையில் போடச் சொல்லவில்லை. ஆனால் எக்ஸ்-கதிர் உறிஞ்சல் மொத்தப் பொடியையும் சராசரியாகப் பார்க்கும். தடித்த ஆக்சைடின் ஆழத்தில் மின்சாரத் தொடர்பு அறுந்த ஒரு துண்டு ஒடுங்காமல் கிடந்தாலும் +1 என்று சிக்னல் வரும். அது கரைசலைத் தொட்டுக்கொண்டு வேலை செய்யும் +1 தானா என்பதுதான் வழக்கு. வெப்ப இயக்கவியல் கணக்குப்படி, அந்த மின்னழுத்தத்தில் ஆக்சைடு நிற்கக்கூடாது. வேகம் குறைவாக இருந்தால் கொஞ்ச நேரம் நிற்கலாம். "கொஞ்ச நேரம்" என்பது பத்து நிமிஷமா பத்து மணியா என்பதில்தான் எல்லாரும் அடித்துக்கொள்கிறோம். என் சாய்வு உலோகத்தின் பக்கம்.

---

கரும்பொடி | புதன், இரவு 9.10

எல்லாருக்கும் நன்றி. லேப் கோப்புகளை வாங்கிப் பார்த்தேன். நிறமாலைக்காரன் சாருக்குப் பதில்:

வரிசை: சர்வே, கார்பன், ஆக்சிஜன், சோடியம், கடைசியில் காப்பர். காப்பர் தொடங்கும்போதே இரண்டரை மணி நேரம் கடந்திருக்கிறது. சுரண்டவில்லை. ஆகர் தனியாக எடுக்கவில்லை. சர்வேயில் 569 பக்கம் அகலமான ஒரு மேடு.

ஆக்சிஜன் பீக்கையும் பிரித்திருந்தோம். 529.6 படிக ஆக்சிஜன், 531.4 "ஆக்சிஜன் காலியிடம்". அதுவும் கட்டுரையில் இருக்கிறது.

---

நிறமாலைக்காரன் | புதன், இரவு 10.30

காப்பர் கடைசியில்! இதைத்தான் எதிர்பார்த்தேன்.

கருப்பு ஆக்சைடை வெற்றிடத்தில் வைத்து எக்ஸ்-கதிரில் காட்டினால் மெல்ல ஒடுங்கிச் சிவப்பாகும். ஹைட்ராக்சைடு இன்னும் வேகம். ஆர்கானால் சுரண்டினால் கேட்கவே வேண்டாம், சில நிமிஷத்திலேயே +1 வந்து நிற்கும். ஆகவே காப்பர் மாதிரி என்றால் காப்பரை முதலில், குறைந்த நேரத்தில் எடுக்க வேண்டும். மற்றதெல்லாம் முடிந்ததும் அதே புள்ளியில் காப்பரை இன்னொரு முறை எடுக்க வேண்டும். இரண்டுக்கும் வித்தியாசம் இருந்தால் அது கருவி செய்த சிவப்பு.

531.4 விஷயத்தில் கொஞ்சம் கடுமையாகவே பேசுகிறேன், மன்னிக்கவும். இல்லாத அணு எப்படி எலக்ட்ரானை உமிழும்? காலியிடத்துக்குப் பீக் கிடையாது. அங்கே வருவது ஹைட்ராக்சில், கார்பனேட், ஒட்டியிருக்கும் தண்ணீர். வேண்டுமானால் கார்பன் ஸ்பெக்ட்ரத்தில் 288 முதல் 289 வரை பாருங்கள், கார்பனேட் கைகாட்டும். பத்துக் கட்டுரையில் எட்டு இந்தத் தப்பைச் செய்கிறது என்பது என் ஆத்திரத்தின் கணக்கு, புள்ளிவிவரம் அல்ல.

---

சி_ஷிப்ட் | வியாழன், காலை 7.15

தம்பி, எனக்கு ஒரே கேள்வி. ஓட்டம் முடிந்ததும் எந்த வாயுவை முதலில் மூடுவீர்கள்?

எங்கள் ஆலையில் கார்பன் மோனாக்சைடையும் நீராவியையும் ஹைட்ரஜனும் கார்பன் டை ஆக்சைடுமாக மாற்றும் லோ டெம்பரேச்சர் ஷிப்ட் கேட்டலிஸ்ட் காப்பர், துத்தநாக ஆக்சைடு, அலுமினா. மூட்டையில் வரும்போது கருப்பு ஆக்சைடு மாத்திரை. ஹைட்ரஜன் விட்டு ஒடுக்கினால்தான் வேலைக்கு ஆகும். ஒரு மோலுக்கு 85 கிலோஜூல் வெப்பம் வரும். நைட்ரஜனில் 1 சதவீதம் ஹைட்ரஜன் கலந்தாலே வாயு 28, 29 டிகிரி ஏறிவிடும், கணக்குப் போட்டுப் பாருங்கள். அவசரப்பட்டால் படுகை தகதகவென்று ஏறி, காப்பர் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிப் பெருத்துவிடும். காப்பர் 1085-இல்தான் உருகும் என்று ஏமாறக்கூடாது. கெல்வினில் அதில் பாதிக்கு வந்தாலே, அதாவது 400 டிகிரி பக்கம், அணுக்கள் தாராளமாக நகரும். மேற்பரப்பில் அதற்கும் வெகு முன்னாலேயே. அதனால் இரண்டு மூன்று நாள் தெர்மோகப்பிளைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருப்போம்.

ஒடுக்கிய கேட்டலிஸ்டைத் திறந்து காற்றில் காட்டினால் தீயாய்ச் சுடும். ஒருமுறை இறக்கிக் கொட்டிய குவியலில் நைட்ரஜன் சரியாகப் போகாமல், அரை மணியில் நடுவில் சிவப்புக் கனல் தெரிந்ததை நானே பார்த்தேன். கருப்பாகப் போனது, உலோகமாகி வேலை பார்த்தது, திரும்பக் கருப்பாகி வெளியே வந்தது. வெளியே வந்ததைப் பார்த்து "இதுதான் உள்ளே வேலை செய்தது" என்று எவனாவது சொன்னால் எங்கள் ஆபரேட்டரே சிரிப்பார்.

அதனால் கேட்கிறேன், எதை முதலில் மூடுவீர்கள்?

---

கரும்பொடி | வியாழன், இரவு 8.50

ஐயா, தலையில் கை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

ஏர் சிலிண்டர் எங்களுடையது இல்லை, பக்கத்து லேபுடையது. ஓட்டம் முடிந்ததும் 200 டிகிரியிலேயே அதை மூடிவிடுவோம், மீட்டர் ஓடுமே என்று. ஹீலியத்தில் கலந்த 1 சதவீதக் கார்பன் மோனாக்சைடு ஓடிக்கொண்டிருக்கும். உலையைத் திறந்துவிட்டு, எட்டு பத்து நிமிஷம் கழித்துத்தான் அதை மூடுவோம். மொத்த ஓட்டம் நிமிஷத்துக்கு 50 மில்லி. பொடி 100 மில்லிகிராம்.

---

சி_ஷிப்ட் | வியாழன், இரவு 9.40

பேப்பர் எடுங்கள். 50 மில்லியில் 1 சதவீதம் என்றால் நிமிஷத்துக்கு அரை மில்லி. பத்து நிமிஷத்துக்கு 5 மில்லி, அதாவது 0.2 மில்லிமோல். உங்கள் 100 மில்லிகிராம் கருப்பு 1.26 மில்லிமோல். இரண்டு கருப்புக்கு ஒரு கார்பன் மோனாக்சைடு போனால் ஒரு சிவப்பு. வந்த வாயுவில் ஐந்தில் ஒரு பங்கு மட்டும் வினைபுரிந்தது என்று வைத்தாலும் 0.08 மில்லிமோல் கருப்பு மாறியிருக்கும். 6 சதவீதம். துகள் அளவு என்ன?

---

கரும்பொடி | வியாழன், இரவு 9.52

டெம்மில் (எலக்ட்ரான் நுண்ணோக்கியில்) 50 நானோமீட்டர் வாக்கில்.

---

நிறமாலைக்காரன் | வியாழன், இரவு 10.20

அப்படியானால் 6 சதவீதம் என்பது அரை நானோமீட்டர் தோல். அந்தத் தோலுக்கு எக்ஸ்ஆர்டியில் கூர்மையான பீக்கே வராது, பின்னணியில் கரைந்துவிடும். ஆனால் 2பி எலக்ட்ரான் தப்பித்து வரும் ஆழம் ஒன்றரை நானோமீட்டருக்கும் குறைவு. தோராயமாக மூன்றில் ஒரு பங்கு சிக்னல் அந்தத் தோலிலிருந்தே வரும். எக்ஸ்ஆர்டி, எக்ஸ்பிஎஸ் இரண்டும் பொய் சொல்லவில்லை. ஒன்று வீட்டைப் பார்த்தது, மற்றது வாசல் சுவரின் சுண்ணாம்பைப் பார்த்தது.

மிச்ச +1 எக்ஸ்-கதிரின் உபயம் என்று என் ஊகம். திரும்ப எடுங்கள்.

---

சும்மா_படிப்பவன் | வெள்ளி, காலை 10.00

ஒடுக்கினால் கருப்பு முதலில் சிவப்பாகி, பிறகுதானே உலோகம்? எனில் அந்தத் தோலில் உலோகமும் இருக்கலாமே?

---

நிறமாலைக்காரன் | வெள்ளி, காலை 11.25

பாடப்புத்தகப் படிக்கட்டு அப்படித்தான் இருக்கும். ஹைட்ரஜனைத் தாராளமாக விட்டுக்கொண்டே எக்ஸ்ஆர்டி எடுத்தவர்கள் 2003-இலேயே வேறு ஒன்றைப் பார்த்தார்கள். கருப்பு, நடுவில் சிவப்பைக் காட்டாமலே நேராக உலோகமாகிறது. ஹைட்ரஜனைக் கஞ்சத்தனமாக விட்டால்தான் நடுநிலை ஆக்சைடுகள் தலைகாட்டுகின்றன. ஏனென்றால் சிவப்பை ஒடுக்குவது கருப்பை ஒடுக்குவதைவிடக் கடினம். வாயு எவ்வளவு, எவ்வளவு நேரம் என்பதைப் பொறுத்து ஒரே பொடி வேறு வேறு வழியில் போகும். தம்பியின் தோலில் உலோகம் இருக்கிறதா என்பதை ஆகர் சொல்லட்டும். 918.6-இல் கூர்மையாக நிற்கும், ஒளிய முடியாது.

---

கரும்பொடி | மூன்று வாரம் கழித்து, ஞாயிறு மாலை 5.30

திரும்பி வந்துவிட்டேன். கருவியில் நேரம் கிடைக்கவே இரண்டு வாரம்.

மூன்று மாதிரி கொடுத்தேன். காப்பர் 2பி-யும் ஆகரும் முதலில், ஐந்தைந்து நிமிஷம். மற்றதெல்லாம் பிறகு. கடைசியில் அதே புள்ளியில் காப்பர் மறுபடி.

வினைக்குப் போகாத பொடி: 933.6, பலமான சாட்டிலைட், ஆகர் 917.7. கருப்பேதான். மூன்று மணி நேரம் கழித்து அதே புள்ளியில் சாட்டிலைட் இறங்கியிருக்கிறது, 932.5-இல் தோள் வந்திருக்கிறது, ஆகரில் 916.8 பக்கம் வீக்கம். வினையையே பார்க்காத பொடியில்! அந்தத் திரையைப் பார்த்தபோது வயிற்றைக் கலக்கியது.

பழைய முறையில் ஏரை முதலில் மூடி எடுத்த பொடி: முதல் ஐந்து நிமிஷத்திலேயே +1 கால் பங்கு வாக்கில். 918.6-இல் ஒன்றுமில்லை. உலோகம் இல்லை, சிவப்புத் தோல்தான்.

ஏர் ஓடும்போதே ஆறவிட்டு, கார்பன் மோனாக்சைடை முதலில் மூடி எடுத்த பொடி: முதல் ஸ்கேனில் கருப்பு. +1 பிரிக்கும் அளவுக்குக்கூட இல்லை.

அந்த 15 டிகிரி கதைக்கு வருகிறேன். மூடும் வரிசையை மாற்றிய பிறகும் இரண்டாம் ஓட்டம் முதல் ஓட்டத்தைவிட நன்றாகவே இருந்தது, 10 டிகிரி வித்தியாசம். குழம்பிப்போனேன். பிறகுதான் தோன்றியது. பொடி சுட்டு ஒரு மாதம் சாதாரணக் குப்பியில் இருந்தது. எங்கள் ஊர் கடலோரம், மழைக்காலம் வேறு. முதல் ஓட்டத்துக்கு முன்னால் 300 டிகிரியில் ஒரு மணி நேரம் ஏர் விட்டுப் பார்த்தேன். இரண்டு ஓட்டமும் ஒன்றின்மேல் ஒன்று படுத்துக்கொண்டன, 2 டிகிரி வித்தியாசம்கூட இல்லை. 531.4-உம் 288.6-உம் கூடவே இறங்கின. அப்படியானால் முதல் ஓட்டத்தில் பொடி சோம்பியது ஈரமும் கார்பனேட்டும் மூடியிருந்ததால். இரண்டாம் ஓட்டத்தில் +1 வந்து காப்பாற்றவில்லை, முதல் ஓட்டமே அதைக் குளிப்பாட்டிவிட்டது.

---

சி_ஷிப்ட் | ஞாயிறு, மாலை 6.45

சபாஷ். ஈரம் இந்த வேலையில் பழைய எதிரி. முதல் உலகப் போர்க் கடைசியில் கார்பன் மோனாக்சைடுக்கென்று முகமூடியில் போட ஹாப்கலைட் என்று ஒரு பொடி செய்தார்கள். மாங்கனீஸ் டை ஆக்சைடும் காப்பர் ஆக்சைடும் கலந்தது, 60க்கு 40 என்பது பிரபலமான கலவை. ஜான்ஸ் ஹாப்கின்ஸும் கலிஃபோர்னியாவும் சேர்ந்து செய்ததால் அந்தப் பெயர். அறை வெப்பத்திலேயே வேலை செய்யும். ஆனால் ஈரம் பட்டால் படுத்துவிடும் என்பதால் முகமூடியில் அதற்கு முன்னால் உலர்த்தும் பொருளையும் சேர்த்தே அடைக்க வேண்டியிருந்தது. இன்றும் சுரங்கத்தில் இடுப்பில் கட்டிக்கொள்ளும் தப்பிப்புக் கருவியில் அதே ஏற்பாடுதான்.

---

மின்முனை | ஞாயிறு, இரவு 8.10

அருமை தம்பி. ஆனால் ஓரிடத்தில் பிரேக் போடுகிறேன். "+1-க்கு வேலையே இல்லை" என்று எதிர்ப்பக்கம் ஓடிவிடாதீர்கள். உங்கள் வினையில் கார்பன் மோனாக்சைடு படிக ஆக்சிஜனைப் பிடுங்கிக்கொண்டு போகிறது, காற்றின் ஆக்சிஜன் அந்தக் குழியை நிரப்புகிறது. மார்ஸும் வான் கிரெவெலனும் 1954-இல் சொன்ன வழி. ஒவ்வொரு சுற்றிலும் ஏதோ ஒரு காப்பர் கண நேரம் ஒடுங்கித்தான் ஆகவேண்டும். அந்தக் கண நேர +1 உங்கள் எந்த ஸ்கேனிலும் தெரியாது, ஏனென்றால் கருவிக்குப் போகும்போது அது நிரம்பிவிடும். சிவப்பு ஆக்சைடு கருப்பைவிட வேலைக்காரன் என்று சொல்லும் கட்டுரைகளும் உண்டு. ஆக்சிஜன் அபரிமிதமாக ஓடும்போது அது சிவப்பாகவே நிற்குமா என்பதுதான் அங்கேயும் கேள்வி. நீங்கள் நிரூபித்தது ஒன்றே ஒன்று: நாம் அளந்த +1, வேலை செய்த +1 அல்ல. அதை மட்டும் எழுதுங்கள்.

---

சும்மா_படிப்பவன் | ஞாயிறு, இரவு 8.30

கைடு என்ன சொன்னார்?

---

கரும்பொடி | ஞாயிறு, இரவு 9.15

முதலில் பேசவில்லை. அப்புறம் மூன்று மாதிரியின் படத்தையும் ஒரே தாளில் அச்செடுத்துக் கொடுத்தேன். கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "தலைப்பிலிருந்து கைகோக்கிற சமாச்சாரத்தை எடுத்துவிடு, இந்தப் படத்தைப் போடு" என்றார். "ஆக்சிஜன் காலியிடம்" என்ற நாலு பத்தியும் போயிற்று. கட்டுரை இரண்டு பக்கம் இளைத்துவிட்டது. ரிவ்யூவருக்கு எழுதிய பதில்தான் கட்டுரையைவிட நீளம்.

ஏர் சிலிண்டர் ரெகுலேட்டரில் மார்க்கரால் "கடைசியில் மூடவும்" என்று ஒட்டியிருக்கிறேன். பக்கத்து லேப் அண்ணன் அதன்கீழே "காசு யார் தருவது?" என்று எழுதி வைத்திருக்கிறார்.

---

கெமிஸ்ட்ரி_டீச்சர் | திங்கள், காலை 7.00

நானும் ஒரு தகவல். கம்பிச் சோதனையை வகுப்பில் செய்துகாட்டினேன். கருப்புச் செதிலைத் திருப்பிப் போட்டதும் முதல் பெஞ்சுப் பெண் ஒருத்தி, "மிஸ், அடியில காவி" என்றாள். எல்லாரும் எழுந்து வந்துவிட்டார்கள். ஒருவன் கேட்டான்: இந்தச் சிவப்பைத் தனியாக எடுத்துத் திரும்பவும் அடுப்பில் காட்டினால் கருப்பாகுமா? ஆகும் என்று சொல்லிவிட்டேன். சரிதானே?

---

சி_ஷிப்ட் | திங்கள், காலை 7.25

சரிதான் டீச்சர். இடுக்கியால் பிடித்து, காற்று நன்றாகப் படும்படி சுடரின் ஓரத்தில் காட்டச் சொல்லுங்கள். சுடரின் நடுவே நீட்டினால் எரியாத கேஸ் பட்டு, சிவப்பு செம்பாகவே மாறினாலும் மாறும். கண்ணாடி போடச் சொல்லுங்கள், செதில் தெறிக்கும்.